முதல் ஐந்து பேர்

நேயர்களுக்கு வணக்கம். புதிதாகத் தொடங்கும் ஒரு நிறுவனத்தின் முதல் ஐந்து பேரை எப்படிச் சேர்ப்பது, எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் இன்றைய பேச்சு. ஆள் சேர்ப்பதில் கெட்டிக்காரராகவும், சேர்த்த ஆளை வைத்துக்கொள்வதில் படு மோசமாகவும் ஒருவரே இருக்க முடியுமா? முடியும். வில்லியம் ஷாக்லி அப்படித்தான் இருந்தார்.

மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறு கருவியான டிரான்சிஸ்டருக்காக 1956-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் அவர். அதே ஆண்டு கலிபோர்னியாவில் தன் பெயரில் ஓர் ஆய்வகம் தொடங்கினார். இன்றைய சொல்லில் அதுவும் ஒரு ஸ்டார்ட்அப்தான். பின்னாளில் இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கிய ராபர்ட் நாய்ஸ், கார்டன் மூர் போன்ற இளைஞர்கள் அவர் கூப்பிட்டார் என்பதற்காகவே வந்து சேர்ந்தார்கள். 1957 செப்டம்பரில் அவர்களில் எட்டுப் பேர் ஒன்றாகக் கிளம்பிப் போய் ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர் என்ற புது நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். சம்பளத் தகராறு எதுவும் இல்லை. ஆட்கள் கண்டுபிடித்துச் சொன்ன முடிவுகளை ஷாக்லி தன் பழைய சகாக்களுக்குப் போன் போட்டுச் சரிபார்ப்பார். ஆய்வகத்தில் ஒருவருக்குச் சின்னக் காயம் பட்டபோது, யார் செய்த வேலை என்று அறியப் பொய் கண்டறியும் சோதனை வைக்கப் பார்த்தார். எல்லோரும் நம்பி வந்த சிலிக்கான் டிரான்சிஸ்டரை ஓரமாக வைத்துவிட்டு, தனக்குப் பிடித்த நான்கு அடுக்கு டையோடு என்ற வேறொரு மின்னணுச் சாதனத்தின் பின்னால் போனார். எட்டுப் பேர் எவ்வளவு நாள் பொறுப்பார்கள்?

ஷாக்லியைச் சொல்லிச் சிரிப்பது சுலபம். நானும் ஒருமுறை ஒரு குட்டி ஷாக்லியாக இருந்திருக்கிறேன். எங்கள் நிறுவனத்தில் மூன்றாவதாகச் சேர்ந்த இன்ஜினியர் நல்ல திறமைசாலி. "இந்தப் பகுதி முழுக்க உங்கள் பொறுப்பு" என்று சொல்லித்தான் அழைத்து வந்தேன். அப்புறம் அவர் எழுதிய ஒவ்வொரு வரியையும் இரவில் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருந்தேன். பத்து மாதத்தில் போய்விட்டார். கிளம்பும்போது சண்டையெல்லாம் போடவில்லை. "எனக்கு இங்கே வேலை இருப்பதாகத் தோன்றவில்லை" என்றார், அவ்வளவுதான். ஆளை வரவழைக்க நான் சொன்ன வார்த்தையே அவர் போவதற்கும் காரணமாகிவிட்டது. அதனால்தான் ஆள் சேர்ப்பதும் வைத்துக்கொள்வதும் எனக்கு இரண்டு வேலைகளாகத் தெரிவதில்லை. முதல் பேச்சில் என்ன வாக்குக் கொடுத்தோமோ அதற்கான கணக்கு பின்னால் வந்து நிற்கும்.

இந்த வாக்குகளில் மிகவும் குழப்பமானது நிறுவனத்தில் தரும் பங்கு. சம்பளத்தில் பெரிய நிறுவனத்தோடு போட்டி போட முடியாதவர்கள் "ஒரு சதவீதம் தருகிறோம்" என்று சொல்லிவிடுகிறார்கள். கேட்பவருக்கு அது கையில் வந்துவிட்டது போல இருக்கும். வழக்கமான ஏற்பாடு என்ன தெரியுமா? நான்கு ஆண்டுகளில்தான் அது முழுதாக அவருடையதாகும். முதல் ஆண்டு முடியும் நாளில் அதில் நான்கில் ஒரு பகுதி, பிறகு மாதா மாதம் நாற்பத்தெட்டில் ஒரு பகுதி. பதினோராம் மாதம் விலகினால் ஒன்றும் கிடையாது. அடுத்த முறை முதலீடு திரட்டும்போது புதுப் பங்குகள் வெளியிட்டு முதலீட்டாளருக்கு 20 சதவீதம் கொடுத்தால் அந்த ஒன்று 0.8 ஆகிவிடும். நிறுவனத்தை விற்றாலும், போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை பெரும்பாலும் முதலீட்டாளருக்கு இருக்கும்.

சரி, இதையெல்லாம் சொன்னால் ஆள் ஓடிவிட மாட்டாரா? சிலர் ஓடுவார்கள், ஓடட்டும். ஒரு தாளில் நல்ல விலைக்கு விற்றால் இவ்வளவு, சுமாராக விற்றால் இவ்வளவு, மூடினால் பூஜ்யம் என்று எழுதிக் கொடுங்கள். வங்கியில் இருக்கும் பணம் எத்தனை மாதம் தாங்கும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். சேர்ந்த பிறகு அலுவலக அரட்டையில் அதைத் தெரிந்துகொள்பவர் அன்றிரவே வேறு வேலை தேடத் தொடங்கிவிடுவார்.

நேர்முகத் தேர்வில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. முடிந்தால் இரண்டு நாள், கூலி கொடுத்து, உண்மையான ஒரு சிறு வேலையைச் சேர்ந்து செய்து பாருங்கள். அந்த இரண்டு நாளில் அவரும் உங்களை எடைபோடுவார். அவசரத்துக்கு ஆளை நிரப்ப வேண்டாம். ஐந்து பேர் இருந்தால் இருவர் இருவராகப் பத்து உறவுகள். பத்துப் பேரானால் நாற்பத்தைந்து. தவறான ஒருவர் அதில் எத்தனை உறவுகளைக் கெடுப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த இன்ஜினியர் போன பிறகு வேறொருவரைத் தேடினோம். வந்தவரிடம் இப்படி ஒரு தாளை நீட்டினேன். ஒன்பது மாதத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. அவர் பொறுமையாகப் படித்துவிட்டு, பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. "நீங்கள் ஒன்று சொல்லி, நான் வேறொன்று சொன்னால், யார் முடிவெடுப்பது?" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஒரு நாள் அவகாசம் கேட்டேன். மறுநாள், எந்தெந்த விஷயத்தில் அவர் சொல்வதே முடிவு என்று எழுதிக்கொண்டு போனேன். நான்கு வரிதான் இருந்தது. ஐந்தாவது வரியை அவரே எழுதிச் சேர்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நன்றி, வணக்கம்.