வழக்காடுவோம் வாருங்கள்

அன்பு நண்பர்களே, வணக்கம்.

எனக்குப் பத்து வயது இருக்கும். ஞாயிறு பள்ளியில் வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமம் நடந்துகொண்டிருந்தது. ஆபேலைக் கொன்ற காயீன் நோத் தேசத்துக்குப் போகிறான். அடுத்த வசனத்திலேயே அவனுடைய மனைவி கர்ப்பவதியாகிறாள். அதுவரை கதையில் வந்த மனிதர்கள் ஆதாம், ஏவாள், அவர்களுடைய மகன்கள் காயீன், ஆபேல் மட்டும்தான். "அந்த அம்மா எங்கேயிருந்து வந்தாங்க?" என்று கேட்டேன். ஆசிரியர் கோபப்படவில்லை. "இதையெல்லாம் கேட்கக் கூடாது தம்பி, விசுவாசிக்கணும்" என்றார், அவ்வளவுதான். நான் வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பெயர்தான் விசுவாசம் என்று ரொம்ப வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேதாகமத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால் அந்த நினைப்பு நிற்காது. ஏசாயா முதல் அதிகாரத்தில், "வழக்காடுவோம் வாருங்கள் என்று கர்த்தர் சொல்லுகிறார்" என்று இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு வழக்காட முடியுமா? குற்றம் செய்யாமலே எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவை எடுத்துக்கொள்ளுங்கள். தனக்கு ஏன் இந்தக் கதி என்று அவர் கடவுளையே மடக்கி மடக்கிக் கேட்கிறார். அவருடைய நண்பர்களோ கடவுளுக்காக வக்காலத்து வாங்கி, எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறார்கள். கடைசியில் கடவுளின் கோபம் யார்மேல் மூண்டது? அந்த நண்பர்கள்மேல்தான். "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்கிறார்.

பேதுருவின் முதல் நிருபத்தில், உங்கள் நம்பிக்கையைப் பற்றி விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் "உத்தரவு சொல்ல" ஆயத்தமாயிருங்கள் என்று வருகிறது. இங்கே உத்தரவு என்றால் கட்டளை இல்லை, மறுமொழி. அதையும் சாந்தத்தோடு சொல்லச் சொல்கிறார்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். கி.பி. 354இல் வட ஆப்பிரிக்காவில் பிறந்த அகுஸ்தீன், இளம் வயதில் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் மானி என்பவரின் மார்க்கத்தில் இருந்தார். அவர்கள் கொடுத்த வாக்குறுதி இதுதான்: நாங்கள் யாரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்வதில்லை, எல்லாவற்றையும் அறிவால் விளக்குகிறோம். புத்திசாலி இளைஞனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் மானியின் நூல்கள் சூரியன், சந்திரன், நட்சத்திரங்கள் பற்றிச் சொன்னவை, கிரகணத்தை நாள் நேரம் தப்பாமல் கணித்த வானியலாளர்களின் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. கேட்டால், "எங்கள் ஆசிரியர் ஃபௌஸ்துஸ் வரட்டும், அவர் விளக்குவார்" என்றார்கள். ஃபௌஸ்துஸும் வந்தார். பேச்சு அவ்வளவு இனிமை. அகுஸ்தீன் தனியாக உட்கார்ந்து தன் சந்தேகங்களைக் கேட்டபோது, தனக்கு அது தெரியாது என்று அந்த மனிதர் ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்காக அகுஸ்தீனுக்கு அவரைப் பிடித்துப்போனது. மார்க்கத்தின் மேலிருந்த பிடிப்பு மட்டும் தளர்ந்துவிட்டது.

நான் மதிப்பது அதற்குப் பிறகு நடந்ததை. அகுஸ்தீன் கிறிஸ்தவராகி, ஆயராகவும் ஆனார். ஆதியாகமத்துக்கு விளக்கம் எழுதும்போது அதே அளவுகோலைத் தன் சொந்த வீட்டிலும் வைத்துப் பார்த்தார். வானத்தைப் பற்றி ஒரு கிறிஸ்தவர் வேதத்தின் பெயரால் உளறினால், விஷயம் தெரிந்த வெளியாள் சிரிப்பான். அப்புறம் உயிர்த்தெழுதலைப் பற்றி நாம் சொல்வதை அவன் எப்படி நம்புவான் என்று கேட்கிறார். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்ற கலிலேயோவை 1633இல் விசாரித்தவர்கள் இந்தப் பக்கத்தை மறந்துபோனது நம் திருச்சபையின் பெரிய துக்கம். கலிலேயோ தன் தரப்புக்கு அகுஸ்தீனைத்தான் மேற்கோள் காட்டியிருந்தார்.

அறிவுக்கும் ஒரு நம்பிக்கை தேவைப்படுகிறது என்பதையும் அகுஸ்தீன் கண்டார். இன்னாருக்குத்தான் நான் பிறந்தேன் என்பதையே பிறர் சொல்லக் கேட்டுத்தானே உறுதியாக நம்புகிறேன் என்று எழுதினார். பள்ளிக்கூடத்தில் நாம் படித்ததில் எத்தனையை நாமே சோதித்துப் பார்த்தோம்? சொன்னவர் நம்பத் தகுந்தவரா என்று பார்ப்பதுதான் அங்கே அறிவு செய்கிற வேலை.

இன்னொருவரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அவர் அன்செல்ம். 1077, 78 வாக்கில் நார்மண்டியில் பெக் என்ற மடத்தில் துறவியாக இருந்தபோது ஒரு சிறு நூல் எழுதினார். அதற்கு அவர் முதலில் வைத்த பெயர், 'புரிந்துகொள்ளத் தேடும் விசுவாசம்'. தன்னைவிடப் பெரியதாக எதையும் நினைக்கவே முடியாதபடி இருப்பவர் கடவுள் என்றால், அவர் நினைப்பில் மட்டும் இருக்க முடியாது, உண்மையிலும் இருந்தாக வேண்டும் என்பது அவர் வாதம். அதை மறுத்து எழுதியவர் நாத்திகர் இல்லை, கௌனிலோ என்ற இன்னொரு துறவி. "தேவன் இல்லை என்று மதிகேடன் தன் இருதயத்தில் சொல்லிக்கொள்ளுகிறான்" என்று சங்கீதத்தில் வருகிறதே, அந்த மதிகேடன் சார்பிலேயே அவர் எழுதினார். மிகச் சிறந்த ஒரு தீவை மனதில் நினைத்துக்கொண்டேன் என்பதற்காக அது கடலில் இருந்தாக வேண்டுமா என்று கேட்டார்.

அன்செல்ம் என்ன செய்தார் தெரியுமா? பதில் எழுதினார். அதோடு, இனி என் நூலைப் படியெடுப்பவர்கள் கௌனிலோவின் மறுப்பையும் என் பதிலையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார். அச்சு இல்லாத காலம் அது. தோலில் ஒவ்வொரு எழுத்தாகக் கையால் எழுத வேண்டும். அவ்வளவு பாடுபட்டு எதிராளியின் வாதத்தைத் தன் நூலோடு வாழவைத்தார். அன்செல்மின் வாதம் செல்லுமா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. ஆனால் அவருடைய விசுவாசம் எப்படிப்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதையே ஒரு முறையாக்கினார். கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வியை எடுத்ததும், இல்லை என்பதற்கான காரணங்களைத்தான் முதலில் வைக்கிறார். அதில் முதலாவது, உலகத்தில் இருக்கும் தீமை. அறிவால் எட்ட முடியாததை எட்டியதாக அவர் காட்டிக்கொள்ளவும் இல்லை. உலகத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு என்பதை விசுவாசத்தால் ஏற்கலாம், தர்க்கத்தால் நிரூபிக்க முடியாது என்றார். வலுவில்லாத ஆதாரத்தைக் கொண்டுவந்தால், இதற்காகத்தான் இவர்கள் நம்புகிறார்கள்போல என்று பிறர் நகைப்பார்கள் என்றும் எச்சரித்தார்.

அதன் பிறகு ஏறக்குறைய 650 ஆண்டுகள் கழித்து, பிரபஞ்சம் விரிவடைகிறது என்று 1927இல் எழுதிய ஜார்ஜ் லெமேத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு. பெருவெடிப்புக் கோட்பாட்டின் தந்தை என்று சொல்லப்படுகிறவர். 1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், இந்த அறிவியல், கடவுளின் படைப்புக்குச் சாட்சி சொல்வதுபோல உரையாற்றினார். லெமேத்ருக்கு அது உவப்பாக இல்லை. தன் கோட்பாடு மதம் சார்ந்த கேள்விகளுக்கு முற்றிலும் வெளியே நிற்கிறது என்றே அவர் சொன்னார். பலி பீடத்தில் தினமும் நின்ற ஒருவருக்கு, தன் கணக்கை அதற்கு முட்டுக்கொடுக்க வைக்கத் தோன்றவில்லை.

அப்படியென்றால் எல்லாக் கேள்விக்கும் பதில் கிடைத்த பிறகுதான் விசுவாசமா என்று கேட்பீர்கள். மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் வருகிறார். மகனுக்குச் சிறு வயது முதல் நோய். தீயிலும் தண்ணீரிலும் விழுகிறான். சீஷர்களாலும் முடியவில்லை. "நீர் ஏதாகிலும் செய்யக்கூடுமானால்" என்றுதான் அவர் இயேசுவிடம் கேட்கிறார். பிறகு கண்ணீரோடு, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறுகிறார். இரண்டும் ஒரே மூச்சில். முதலில் அந்த அவிசுவாசத்தைத் தீர்த்துவிட்டு வா என்று இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை. பையனின் கையைப் பிடித்துத் தூக்கினார். அவன் எழுந்து நின்றான்.