ஸ்கோப் அறையில் ஒரு பெண் டாக்டர்

(திரையில்: கொலோனோஸ்கோபி அறை. இடதுபக்கம் திரும்பி, முழங்காலை மடக்கிப் படுத்திருக்கும் ஒரு பெண்ணின் கோட்டோவியம். முகம் தெரியவில்லை.)

வணக்கம். இந்தப் படத்தை ஒரு நிமிடம் பாருங்கள். பின்பக்கம் திறந்த கவுன், மேலே ஒரு போர்வை. ஸ்கோப்பை, அதாவது நுனியில் கேமரா உள்ள நீண்ட குழாயை, உள்ளே விடுவதற்கு முன்னால், டாக்டர் கையுறை போட்ட விரலால் ஆசனவாயைப் பரிசோதிப்பார். பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி பரிசோதனை இப்படித்தான் தொடங்குகிறது. "டாக்டர் ஆணா, பெண்ணா?" என்று ஒரு பெண் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அமெரிக்காவில் 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கேட்கப்பட்ட பெண்களில் 43 சதவீதம் பேர் பெண் டாக்டர்தான் வேண்டும் என்றார்கள். அவர்களில் 87 சதவீதம் பேர் அதற்காக ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்கவும் தயாராக இருந்தார்கள். பெண் டாக்டர் இல்லையென்றால் பரிசோதனையே வேண்டாம் என்றவர்களும் உண்டு.

என்னை உறுத்துவது அந்தக் கடைசிக் கூட்டம்தான். பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் பாலிப் என்கிற சிறு சதை வளர்ச்சியாகத் தொடங்குகிறது. அது புற்றாக மாறப் பல வருடங்கள் ஆகும். அதற்குள் பார்த்துவிட்டால், ஸ்கோப் வழியாகவே ஒரு கம்பிச் சுருக்கை மாட்டி அங்கேயே அறுத்து எடுத்துவிடலாம். கூச்சத்தால் தள்ளிப்போடும்போது நழுவிப்போவது இந்த வருடங்கள்தான்.

(திரையில்: ஆலோசனை அறை. இரண்டு நாற்காலிகள்.)

ஸ்கோப்பை விடுங்கள், வாயைத் திறந்து சொல்வதே பலருக்குக் கஷ்டம். பிரசவத்தின்போது ஆசனவாய்த் தசை கிழிந்திருக்கலாம். அதன் விளைவு பல வருடம் கழித்துக்கூடத் தெரியவரும்: மலத்தை அடக்க முடியாது, துணி நனைந்துவிடும். அந்தப் பெண் வந்து உட்கார்ந்ததும் சொல்வது "வயிறு சரியில்லை, டாக்டர்" என்பது மட்டும்தான். "எத்தனை பிரசவம்? தையல் போட்டார்களா? அவசரமாக வந்தால் அடக்க முடிகிறதா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். ஆண் டாக்டர்களும் அக்கறையோடு கேட்கிறார்கள். கேட்டாலும், பதில் சொல்ல நாக்கு எழ வேண்டுமே.

பித்தப்பைக் கல், ஐ.பி.எஸ். எனப்படும் குடல் எரிச்சல் நோய், பித்தநாளங்களைத் தாக்கும் பி.பி.சி. என்ற கல்லீரல் நோய், இவையெல்லாம் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். அமெரிக்காவில் இப்போது மருத்துவ மாணவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். குடல்நோய் நிபுணர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் பெண். இத்தனைக்கும் 1940-களிலேயே அங்குள்ள குடல்நோய் மருத்துவர்கள் சங்கத்துக்குச் சாரா ஜோர்டன் என்ற பெண் தலைவராக இருந்திருக்கிறார்.

சரி, அப்புறம் ஏன் ஆள் சேரவில்லை?

(திரையில்: ஸ்கோப்பின் கைப்பிடி, மிக அருகில்.)

இந்தக் கைப்பிடியைப் பாருங்கள். இடது கையில் பிடிக்க வேண்டும். பெரிய சக்கரம் நுனியை மேலும் கீழும் வளைக்கும், சின்னச் சக்கரம் இடமும் வலமும். இரண்டையும் முக்கியமாகக் கட்டைவிரல்தான் திருப்ப வேண்டும். ஆனால் கைப்பிடி பொதுவாக ஒரே அளவில்தான் வருகிறது. கை சிறியதாக இருந்தால் கட்டைவிரல் சின்னச் சக்கரத்தை எட்டாது. எட்டிப் பிடித்தே நாள் முழுக்க வேலை செய்தால் விரலும் மணிக்கட்டும் வலிக்கத்தான் செய்யும். அந்த வலியைப் பார்த்து "உனக்குக் கை பலம் போதாது" என்று ஒரு மாணவியிடம் சொல்வது அநியாயம். கருவிதான் அவளுக்கு ஏற்றதாக இல்லை.

இன்னொன்று, பயிற்சிக் காலம். பல வருடம் நீளும் அந்தப் படிப்பு, குழந்தை பெறும் வயதோடு மோதுகிறது. பித்தநாளத்துக்குள் கருவி செலுத்தும் ஈ.ஆர்.சி.பி. என்ற சிகிச்சை, எக்ஸ்ரே உதவியோடு நடப்பது. அதற்குக் கனமான ஈயக் கவசம் மாட்டி நிற்க வேண்டும். கர்ப்பிணி டாக்டர்களுக்குக் கதிர்வீச்சு வரம்பு உண்டு, அளவுமானியைக் கவசத்துக்கு உள்ளே மாட்டிக் கண்காணிக்கலாம். இதை முதல் நாளே உட்கார வைத்து விளக்கினால், பயந்து வேறு துறைக்குப் போவதைத் தடுக்கலாம்.

பரிசோதனைக்குப் பதிவு செய்யும்போதே "பெண் டாக்டர் இருக்கிறாரா?" என்று கேளுங்கள். இல்லையென்றாலும், கேட்டதைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பது நிர்வாகத்துக்கு அப்போதுதான் தெரியும். பெண் நர்ஸ் கூடவே இருக்க வேண்டும் என்றும் கேட்கலாம். ஆனால் மலத்தில் ரத்தம் போகிறது, காரணமில்லாமல் எடை குறைகிறது என்றால் மட்டும் தயவுசெய்து காத்திருக்காதீர்கள். எந்த டாக்டர் இருந்தாலும் போய்ப் பாருங்கள்.