மோட்டார்மேனின் கடைசி இரண்டு ஆண்டு

நேயர்களுக்கு வணக்கம். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. அந்த வண்டியை ஓட்டும் மோட்டார்மேனும், பின்கேபினில் இருந்து இரண்டு மணி அடித்து வண்டியைக் கிளப்பும் கார்டும் (இப்போது டிரெயின் மேனேஜர் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள்) 60 வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெறுகிறார்கள். ஒன்றாம் தேதி பிறந்தவருக்கு மட்டும் ஒரு மாதம் முந்திவிடும். ஜூன் 1 பிறந்தவருக்கு மே 31தான் கடைசி நாள். இதைக் கவனிக்காமல் கடைசி மாதச் சம்பளத்தை நம்பிச் செலவைத் திட்டமிடுபவர்கள் உண்டு.

இன்று பேசப்போவது மாலை மரியாதையைப் பற்றியல்ல, செட்டில்மென்டைப் பற்றி, அதாவது ஓய்வின்போது வந்துசேரும் பணத்தின் கணக்கைப் பற்றி. 2004 ஜனவரி 1க்கு முன் வேலைக்குச் சேர்ந்த, பழைய பென்ஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கான கணக்கு இது. பின்னால் சேர்ந்தவர்களுக்கு விதிகள் வேறு.

முதல் வேலை, ஓய்வுக்கு இரண்டு ஆண்டு இருக்கும்போதே பணியாளர் அலுவலகமான பர்சனல் பிராஞ்சுக்குப் போய், உங்கள் பணிப் பதிவேடான சர்வீஸ் ரிஜிஸ்டரைப் பக்கம் பக்கமாகப் பார்ப்பது. மெடிக்கல் சர்டிபிகேட் இல்லாத சம்பளமில்லா விடுப்பு சேவையில் சேராது. 10 ஆண்டு தகுதிச் சேவை இருந்தாலே பென்ஷன் முழு விகிதத்தில் வந்துவிடும் என்பதால், அந்த நாட்கள் பென்ஷனைத் தொடாது. ஓய்வின்போது மொத்தமாக வரும் பணிக்கொடையான கிராஜுவிட்டியில்தான் கை வைக்கும்.

அதைவிடப் பெரிய தொல்லை பெயர். நம் ஊர் இனிஷியல் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. மனைவியின் பெயர் சர்வீஸ் ரிஜிஸ்டரில் அப்பா இனிஷியலோடு 'ஆர். கலைச்செல்வி'. ஆதாரில் 'கலைச்செல்வி முருகன்'. வங்கியில் 'கலை செல்வி எம்'. மூன்றும் ஒரே ஆள் என்பது உங்களுக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நீங்கள் இருக்கும்வரை இது யாருக்கும் உறுத்தாது. உங்களுக்குப் பின் அந்த அம்மா குடும்ப பென்ஷனுக்குப் போய் நிற்கும்போதுதான் மாட்டும். பென்ஷன் உத்தரவான பி.பி.ஓ.வில் மனைவியின் பிறந்த தேதி இருக்கிறதா என்றும் பாருங்கள். 80 வயதில் குடும்ப பென்ஷன் 20 சதவீதம் கூடும். தேதி இல்லாவிட்டால் வயதை நிரூபிக்க அந்த வயதில் அலைய வேண்டிவரும்.

இனி கணக்கு. பேனா, காகிதம் பக்கத்தில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

மோட்டார்மேன், கார்டு போன்ற ஓடும் பணியாளர்களுக்கு, ஓடிய தூரத்துக்கான படியான மைலேஜ் உண்டு என்பதால், பென்ஷனுக்காக அடிப்படைச் சம்பளத்தோடு அதில் 55 சதவீதத்தைக் கூட்டுவார்கள். அடிப்படைச் சம்பளம் 70,000 என்று வையுங்கள். 55 சதவீதம் 38,500. கூட்டினால் 1,08,500. அதில் பாதி, 54,250 ரூபாய், மாதப் பென்ஷன். இதன்மேல் அகவிலை நிவாரணம் தனியாக வரும். ஸ்டேஷனிலோ ஆபீசிலோ அதே 70,000 வாங்கியவருக்குப் பென்ஷன் 35,000தான். ஆகவே கணக்குத் தாள் கைக்கு வந்ததும் இந்த 55 சதவீத வரியைத்தான் முதலில் தேட வேண்டும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கண்பார்வையோ சர்க்கரையோ காரணமாக மெடிக்கலில் தகுதி இழந்து, கடைசி ஆண்டுகளில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மாற்றப்பட்டவர்களுக்கு, மாறும்போதே 30 சதவீதம் சேர்த்துச் சம்பளம் நிர்ணயம் ஆகியிருக்கும். ஓய்வு பெறும்போது மறுபடி 55 சதவீதம் கிடைக்காது. சக மோட்டார்மேனின் பென்ஷனோடு தங்களுடையதை ஒப்பிட்டு, யாரோ ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

ஜூன் 30 அல்லது டிசம்பர் 31இல் ஓய்வு பெறுகிறீர்களா? மறுநாள் வரவேண்டிய இன்கிரிமென்ட் முன்பெல்லாம் ஒரே இரவில் கைநழுவிப் போகும். 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, பென்ஷன் கணக்குக்கு மட்டும் அதைப் பெயரளவில் சேர்க்கிறார்கள். 70,000க்கு அடுத்த படி 72,100. பென்ஷன் 55,878 ஆகும். மாதம் 1,628 ரூபாய் வித்தியாசம், அதற்குரிய அகவிலை நிவாரணம் வேறு. கிராஜுவிட்டிக்கோ விடுப்புப் பணத்துக்கோ இது பொருந்தாது.

கிராஜுவிட்டி, ஒவ்வொரு அரையாண்டுச் சேவைக்கும் கால் மாதச் சம்பளம். அதிகபட்சம் பதினாறரை மடங்கு. 33 ஆண்டு முடித்த, நம் கணக்கில் உள்ள மோட்டார்மேன், அகவிலைப்படியும் சேர்வதால் 25 லட்ச உச்சவரம்பில் போய் முட்டுவார். விடுப்பு 300 நாள் வரை காசாகும். சம்பள விடுப்பு குறைந்தால் அரைச்சம்பள விடுப்பை வைத்து நிரப்பலாம்.

கம்யூட்டேஷன், அதாவது பென்ஷனில் ஒரு பகுதியை விற்று மொத்தமாகப் பணம் வாங்குவதுதான், எல்லோரும் கேட்கும் கேள்வி. பென்ஷனில் 40 சதவீதம் வரை விற்கலாம். நம் கணக்கில் 21,700. அதை 12ஆல் பெருக்கி, 60 வயதில் ஓய்வு பெறுபவருக்கான 8.194 என்ற எண்ணால் பெருக்கினால் 21,33,718 ரூபாய் கையில் வரும், வருமான வரி கிடையாது. மாதப் பென்ஷன் 32,550 ஆகக் குறையும். ஆனால் அகவிலை நிவாரணம் முழு 54,250க்கே கணக்காகும். பிடித்தம் 15 ஆண்டு. மொத்தம் 39 லட்சத்து 6,000 ரூபாய் திருப்பிக் கொடுக்கிறீர்கள். ஏறக்குறைய 9 சதவீத வட்டிக்கு வாங்கிய கடன் மாதிரி. ஒரே ஒரு சலுகை: இடையில் உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பாக்கி யார் தலையிலும் விழாது, குடும்ப பென்ஷனும் குறையாது. வீட்டுக் கடன் பாக்கி நின்றால் விற்பதில் அர்த்தம் உண்டு. வாங்கி வங்கியில் 7 சதவீதத்துக்குப் போட்டுவைப்பதென்றால் எனக்கு அதில் நியாயம் தெரியவில்லை. இப்போதே முடிவெடுக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. ஓய்வுக்குப் பின் ஓர் ஆண்டுக்குள் விண்ணப்பித்தால் மருத்துவப் பரிசோதனை இல்லை. தள்ளிப்போட்டு, அடுத்த பிறந்தநாளைத் தாண்டினால் அந்த எண் கொஞ்சம் இறங்கும்.

குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். சாதாரண வாடகைக்கு 4 மாதம், இரட்டை வாடகைக்கு இன்னொரு 4 மாதம் இருக்கலாம், அதற்கும் அனுமதி வாங்க வேண்டும். அதற்குமேல் உட்கார்ந்தால் அபராத வாடகை ஏறும். தாண்டிய ஒவ்வொரு மாதத்துக்கும், இலவசப் பயணத்துக்கான ஓய்வுக்கால பாஸில் ஒரு செட் (போய்வரும் ஒரு பயணம்) போகும். வீட்டை ஒப்படைக்காதவரின் கிராஜுவிட்டியும் நிற்கும். புதுவீடு கட்டி முடியவில்லை என்று இழுத்தடிக்கிறவர், அந்த வீட்டுக்குப் பூச்சுவேலை செய்ய வேண்டிய பணத்தையே தானே முடக்கிக்கொள்கிறார்.

மருத்துவம். ஓய்வு பெற்றவர்களுக்கான திட்டத்தில் ஒரே முறை பணம் கட்டிச் சேர்ந்தால் கணவன் மனைவி இருவருக்கும் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரி ஆயுள் முழுக்க உண்டு. வேலையிலிருக்கும்போது எடுத்த மருத்துவ அட்டையை ஓய்வூதியர் அட்டையாக மாற்றிக்கொள்ளுங்கள். ரயில்வே ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டரை கிலோமீட்டருக்கு அப்பால் குடியிருப்பவர், புறநோயாளிச் சிகிச்சையை விட்டுக்கொடுத்து மாதம் 1,000 ரூபாய் வாங்கலாம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தினம் மாத்திரை விழுங்குபவர் அந்த ஆயிரத்துக்கு ஆசைப்படக் கூடாது. மருந்துக் கடைப் பில்லே அதைத் தாண்டிவிடும்.

உடம்பு விஷயம் ஒன்று. மோட்டார்மேனுக்கு 55 வயதுக்குமேல் ஆண்டுதோறும் மெடிக்கல் இருக்கும். கண், காது, சர்க்கரை எல்லாம் ரயில்வேயே கூப்பிட்டுப் பார்த்துவிடும். ஓய்வுக்குப் பின் கூப்பிட ஆளில்லை. அதே மாதத்தில் நீங்களே போய்ப் பாருங்கள். கன்ட்ரோலர் ஹேண்டிலை உள்ளங்கையால் அமுக்கியே வைத்திருக்க வேண்டும், கை எடுத்தால் மின்சாரம் அறுந்து பிரேக் விழும். ஆண்டுக்கணக்கில் அப்படி அமுக்கிய கைக்கு மணிக்கட்டு வலியும் தோள்பட்டை இறுக்கமும் சேர்ந்தே இருக்கும். தூக்கமும் அப்படித்தான். இன்று விடிகாலை வண்டி, நாளை கடைசி வண்டி என்று மாறி மாறி ஓடிய உடம்பு, நிரந்தர ஓய்வு வந்த மறுநாளே இரவு பத்து மணிக்குத் தூங்கிவிடாது. படுக்கும் நேரத்தோடு மல்லுக்கட்டாமல், எழும் நேரத்தை மட்டும் ஒன்றாக வைத்து, காலை வெயிலில் நடக்கத் தொடங்குங்கள்.

கடைசி வாரம், பணிக்கு வந்து கையெழுத்திடும் இடமான லாபியில் ஒப்படைக்க வேண்டியவை: இரண்டு சிவப்புக் கொடி, ஒரு பச்சைக் கொடி, மூவண்ண டார்ச், டெட்டனேட்டர் (ஆபத்தில் தண்டவாளத்தில் வைத்து, வெடிச் சத்தத்தால் எச்சரிப்பது), விதிப் புத்தகங்கள், அடையாள அட்டை. டெட்டனேட்டர்களை எண்ணிக் கொடுத்து, எண்ணிக்கை எழுதிய ரசீதில் கையெழுத்து வாங்குங்கள். ஒன்று குறைந்தாலும் பாக்கியில்லாச் சான்று நிற்கும். ரசீதை பி.பி.ஓ. நகலோடு ஒரே ஃபைலில் வைத்து, அந்த ஃபைல் இருக்கும் இடத்தை வீட்டு அம்மாவிடம் காட்டுங்கள். வருகிற நவம்பரில் உயிர்ச்சான்று கொடுக்கும்போது அந்த ஃபைல் மறுபடி தேவைப்படும். வணக்கம்.