மேக்ஸீன் பாட்டில் வெள்ளையா வந்திருக்கு! (+ ஃபிலிம் உரிச்ச கதை)

ஹலோ மக்களே, இன்னிக்கு இன்ட்ரோ மியூசிக் கிடையாது, நேரா பாட்டிலுக்கே வந்துடறேன். இதோ. இரு, ஃபோகஸ் ஆகட்டும்... ஆங். மேக்ஸீன் டிஸ்பெர்ஷன், பத்து மில்லி. மேக்ஸீன்னா சில அணு தடிமனே உள்ள தகடு; இதுல இருக்கிறது டைட்டானியமும் கார்பனும் சேர்ந்த கார்பைட், தண்ணியில கலந்து வச்சிருக்கு. ஆன்லைன்ல ஒரு கடையில வாங்கினது. விலை? என்னோட ஒரு மாச மெஸ் பில். இது நல்ல கரும்பச்சையா இருக்கணும். இங்க பாருங்க, கலங்கலா சாம்பல் வெள்ளை. ஐஸ் பேக் இல்ல, ஒண்ணும் இல்ல, சாதா அட்டைப்பெட்டி. ஆனா பெட்டி மேல மட்டும் பெருசா "குளிர்ச்சியில் வைக்கவும்"னு ஸ்டிக்கர்! எனக்கு பாட்டிலை விட அந்த ஸ்டிக்கர் மேலதான் கோவம்.

இந்த வெள்ளை வேற ஒண்ணும் இல்ல, டைட்டானியம் டையாக்சைட். பெயின்ட்ல போடுற அதே சாமான். கார்பைட் தண்ணியில கிடந்து கெட்டு இப்படி ஆயிடுச்சு. ரொம்ப நாளா எல்லாரும் ஆக்ஸிஜனைத்தான் திட்டிட்டிருந்தாங்க. 2019-ல வந்த ஒரு பேப்பர், தண்ணிதான் முக்கியமான வில்லன்னு காட்டுச்சு. அதனால ஆக்ஸிஜனை வெளிய தள்ள ஆர்கான் வாயு நிரப்பி மூடினா மட்டும் பத்தாது, சூட்டுல வைக்கவே கூடாது. அதுல இந்த வெயில்ல கூரியர் வண்டி வேற!

புதுசா வந்தவங்களுக்கு சட்டுனு சொல்லிடறேன். 2011, பிலடெல்ஃபியாவுல ட்ரெக்ஸல் யுனிவர்சிட்டி. நகுயிப், கோகோட்ஸி, பார்சூம் டீம். டைட்டானியம் அலுமினியம் கார்பைட்னு ஒரு பொடி, அதை ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட்ல போட்டாங்க. அலுமினியம் மட்டும் கரைஞ்சு போச்சு, கார்பைட் அடுக்கடுக்கா நின்னுச்சு. மைக்ரோஸ்கோப்ல பாத்தா, வீச்சு பரோட்டாவை ரெண்டு பக்கமும் தட்டி விட்ட மாதிரியே இருக்கும்.

சரி, நல்ல விஷயத்துக்கு வருவோம். எங்க லேப் சீனியர் அக்கா, லித்தியம் ஃப்ளூரைட், ஹைட்ரோக்ளோரிக் ஆசிட் ரெண்டையும் வச்சு ஒரு பேட்ச் பண்ணித் தந்தாங்க. 2014-ல வந்த முறை. கமெண்ட்ல "அப்போ இது சேஃப்தானே"ன்னு கேக்குறீங்க. இல்லவே இல்ல! அந்தக் கலவைக்குள்ளயே ஹெச்எஃப், அதாவது அதே ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட்தான் உருவாகுது. அந்த ஆசிட் தோல்ல பட்டா தடவுற கால்சியம் குளுக்கோனேட் ஜெல் பக்கத்துல இல்லாம எவனும் அதைத் தொடக்கூடாது. நான் ஆசிட் வேலை நடக்குற அந்த ஃப்யூம் ஹூட் பக்கமே போகமாட்டேன்னு பழைய வீடியோ பாத்தவங்களுக்குத் தெரியும்.

கழுவுறதுதான் என் வேலை. சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்து, மேல நிக்கிற ஆசிட்டை ஊத்து, தண்ணி விடு, குலுக்கு, திரும்ப சுத்து. பிஹெச் ஆறு பக்கம் வந்ததும் திடீர்னு மேல நிக்கிற தண்ணி பச்சைக் கருப்பா மாறும். அதுல கொஞ்சம் எடுத்து நல்லா தண்ணி கலந்து லேசர் பாயிண்டர் அடிச்சா, கோடு நேரா தெரியும், தண்ணிக்குள்ள பொடிப் பொடியா தகடு மிதக்குதுன்னு அர்த்தம். ஆஹா!

அடுத்தது வேக்யூம் ஃபில்டர். தண்ணியை உறிஞ்சி எடுத்தா தகடெல்லாம் ஃபில்டர் மேல ஃபிலிமா படியும். இது ஏன் இவ்ளோ நேரம் ஆகுதுன்னா, தகடெல்லாம் படுத்துப் படுத்து தண்ணி போற வழியையே அடைச்சிடுது. நைட்டு போட்டுட்டுப் போனேன், காலையில காஞ்சிருந்துச்சு. இப்போ உரிக்கணும். ஓரத்துல ட்வீசர் வச்சு மெதுவா, மூச்சைப் பிடிச்சிட்டு... இதுக்கு முன்னாடி எல்லாம் பாதியில கிழிஞ்சதை நீங்களே பாத்திருக்கீங்க. இந்தத் தடவை ஒரு முனை தூக்குச்சு, அப்புறம் தானா கழண்டு வந்துச்சு. முழு வட்டம்! ஒரு கீறல் இல்ல! கருப்புல உலோக மினுமினுப்பு, மடக்குனா மடங்குது. நான் அதைக் கையில வச்சிட்டு காரிடார்ல போற ஆளுக்கெல்லாம் காட்டினேன். மல்டிமீட்டர் ஊசி வச்சா 2 ஓம், அதுலயும் ஒயரோட ரெசிஸ்டன்ஸ் சேந்திருக்கு. சரியான கணக்கு வேணும்னா நாலு முனை ப்ரோப் வேணும், அது ரிப்பேர்.

அட, முக்கியமான ஒண்ணை விட்டுட்டேன். மேற்பரப்பு! அலுமினியம் போன இடத்துல ஃப்ளூரின், ஆக்ஸிஜன், ஹைட்ராக்ஸில் இதெல்லாம் வந்து ஒட்டிக்கும். அதனாலதான் சோப்பு எதுவும் போடாமலே தண்ணியில மிதக்குது, அதே நேரம் கரண்டும் கடத்துது. கிராஃபீனுக்கு, அதாவது ஒரே அடுக்கு கார்பன் தகடுக்கு, இந்த ரெண்டும் ஒண்ணா அமையாது. கிராஃபீன் ரசிகர்கள் சண்டைக்கு வாங்க, பாத்துக்கலாம்.

உபயோகம்னா எனக்குப் பிடிச்சது மின்காந்த அலையைத் தடுக்கிறதுதான். 2016-ல 45 மைக்ரோமீட்டர் ஃபிலிம், 92 டெசிபல் தடுப்பு. அதாவது நூறு கோடியில ஒரு பங்கு கூட அந்தப் பக்கம் போகாது. சட்டுனு சார்ஜ் ஏத்தி இறக்குற சூப்பர் கெபாசிட்டர்ல ஒரு கன சென்டிமீட்டருக்கு 900 ஃபாரட், அதுவும் அந்த 2014 பேப்பர்லதான். ஆனா கிடைச்ச ரப்பர்ல எல்லாம் இதைத் தடவி, விரலை மடக்கிக் காட்டி "சென்சார்"னு போடுற பேப்பர்கள் இருக்கே, எரிச்சலா வருது. ஆறு மாசம் கழிச்சு அதே சென்சார் வேலை செய்யுதான்னு ஒரு கிராஃப் போடுங்க முதல்ல. 2021-ல ட்ரெக்ஸல்லயே, ஆரம்பப் பொடியைச் செய்யும்போது அலுமினியத்தைக் கூடுதலாப் போட்டு, பத்து மாசத்துக்கு மேல தண்ணியில தாங்குற மாதிரி பண்ணிக் காட்டினாங்க. அந்த ரெசிபியைத்தான் அடுத்து அக்காகிட்ட கேட்டிருக்கேன்.

நைட்ரைட், அதாவது கார்பனுக்குப் பதிலா நைட்ரஜன் இருக்கிற மேக்ஸீன் பத்தி கேட்டிருந்தீங்க. முதல் டைட்டானியம் நைட்ரைட் மேக்ஸீன் 2016-லதான் வந்துச்சு, உருகின ஃப்ளூரைட் உப்புல, ஆர்கானுக்குள்ள, 550 டிகிரியில. எங்க ஃபர்னஸ்ல ஆர்கான் லைன் லீக்கு, இப்போதைக்கு வாய்ப்பில்ல.

கடைக்காரங்களுக்கு போட்டோவோட மெயில் போட்டிருக்கேன். "குலுக்கிப் பயன்படுத்தவும்"னு பதில் வந்திருக்கு. குலுக்கவா! திரும்ப மெயில் போடப் போறேன், வந்தா கம்யூனிட்டி டேப்ல ஒட்டறேன்.