போருக்குப் பின் பிரிட்டனின் ஞாயிற்றுக்கிழமை வானொலிக்கே சொந்தம்

நடுவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு பிரிட்டன் மக்களின் ஞாயிற்றுக்கிழமையை மகிழ்ச்சியாக்கியது பத்திரிகையா, வானொலியா? எதிரணித் தோழி ஒரு பெரிய கணக்கோடு வந்தார். 1950இல் 'நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்' ஞாயிறுதோறும் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது என்றார். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அதே காலத்தில் அந்த நாட்டில், வீட்டில் வானொலி கேட்கக் கட்டணம் கட்டி வாங்கிய உரிமங்கள் 1 கோடியே 10 லட்சத்துக்கும் மேல். உரிமம் ஆளுக்கு ஒன்று இல்லை, வீட்டுக்கு ஒன்று! அதன் கட்டணம் 1946இல் பத்து ஷில்லிங்கிலிருந்து ஒரு பவுண்டாக, அதாவது இரண்டு மடங்காக உயர்ந்தது. ரொட்டிக்கே ரேஷன் வந்த வருஷம் அது. அப்போதும் மக்கள் வானொலியை விடவில்லை.

சரி, அந்தப் பத்திரிகைகள் எப்படி இருந்தன? 1940இல் வந்த காகிதக் கட்டுப்பாடு 1956 முடியும்வரை நீங்கவில்லை. மெலிந்துபோன அந்தத் தாள்களில் விவாகரத்து வழக்கும் கொலை வழக்கும்தான் முன்னால் நின்றன. கால்பந்து முடிவுகள்? 1948 ஜனவரியிலேயே பிபிசி 'ஸ்போர்ட்ஸ் ரிப்போர்ட்' தொடங்கிவிட்டது. சனிக்கிழமை மாலையே ரசிகனுக்கு முடிவு தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் அவை யோசிக்க வேண்டும். அங்கே ஞாயிறு என்றால் கடைகள் அடைப்பு, நாடகக் கொட்டகைகள் அடைப்பு. போருக்கு முன் ஜான் ரீத் நடத்திய பிபிசியும் ஞாயிற்றுக்கிழமை வழிபாடும் கனமான உரைகளுமாகவே இருந்தது. அலுத்துப்போன ஜனங்கள், ஞாயிறன்றும் பாட்டு போட்ட வெளிநாட்டு நிலையமான லக்சம்பர்க் வானொலிக்குத் தாவினார்கள். அதே பிபிசிதான் 1945 ஜூலை 29 அன்று 'லைட் புரோகிராம்' என்று ஒரு தனி அலைவரிசை திறந்து, ஞாயிறு மதியத்துக்குப் பாட்டும் சிரிப்பும் கொண்டுவந்தது. 1949 முதல் பில்லி காட்டன் "வேக்கி வேக்கி!" என்று கூவித் தன் வாத்தியக் குழுவைத் தொடங்கிவைத்தார். இறைச்சிக்கு 1954 வரை ரேஷன். வாரத்தில் ஒருநாள் கிடைத்த அந்தக் கறிச்சாப்பாட்டைப் பல வீடுகள் வானொலியோடு சேர்ந்துதான் சாப்பிட்டன.

பத்திரிகையில் படம் உண்டு, வானொலியில் வெறும் சத்தம்தானே என்றார் தோழி. 1950இல் தொடங்கிய 'எஜுகேட்டிங் ஆர்ச்சி' என்ற வானொலி நிகழ்ச்சியைப் பாருங்கள். பீட்டர் பிரஃப் என்ற கலைஞர் உதடு அசையாமல் ஆர்ச்சி என்ற மரப்பொம்மையைப் பேசவைப்பவர். பொம்மையும் தெரியாது, உதடும் தெரியாது. அப்புறம் எதை ரசிப்பது? ஆனாலும் நாடே ஆர்ச்சியை நிஜமான குறும்புப் பையனாக ஏற்றுக்கொண்டது. கேட்பவர் மனதுக்குள் ஓர் உருவத்தை வரையவைத்ததே, அதைவிடப் பெரிய படம் எந்தப் பத்திரிகையில் வந்தது?

கடைசியாக, என் மனதுக்கு மிகவும் நெருக்கமான நிகழ்ச்சி, 'ஃபேமிலி ஃபேவரிட்ஸ்'. போர் முடிந்தும் மகன்கள் எல்லாரும் வீடு திரும்பவில்லை. கட்டாய ராணுவ சேவையில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஜெர்மனியில் இருந்தார்கள். ஞாயிறு நண்பகலில் லண்டனையும் ஹாம்பர்க்கையும் இணைத்து, ஒரு பக்கம் அறிவிப்பாளர் ஜீன் மெட்காஃப், மறுபக்கம் அறிவிப்பாளர் கிளிஃப் மிச்செல்மோர், வீட்டார் கேட்ட பாட்டை வீரனுக்கும், வீரன் கேட்ட பாட்டை வீட்டாருக்கும் போட்டார்கள். அந்த இருவரும் ஒருவரையொருவர் முதலில் அறிந்தது அந்தக் கம்பிவழிக் குரலில்தான். 1950இல் கல்யாணமே செய்துகொண்டார்கள்!

ஹாம்பர்க்கில் இருக்கும் மகன் கேட்ட பாட்டு, அவன் அம்மாவின் சமையலறையில் அதே நொடியில் ஒலித்தது, நடுவர் அவர்களே. அதைச் செய்த ஞாயிறு பத்திரிகை ஒன்றே ஒன்றை எதிரணி காட்டட்டும்.