தண்ணீருக்குள் கேமரா

நேயர்களுக்கு வணக்கம். தருமபுரியில் கேமரா பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கோடை விடுமுறையிலும் ஆடிப்பெருக்கை ஒட்டியும் நனைந்த கேமராவும் செல்போனும் கடைக்கு வந்தபடியே இருக்கும். சில ஒகேனக்கல்லில் நனைந்தவை, சில அந்தமான் வரை போய் நனைந்தவை. கொண்டு வருபவர்கள் சொல்வது மட்டும் ஒன்றுதான்: "வாட்டர்ப்ரூஃப்னு சொல்லித்தாங்க கொடுத்தாங்க."

பெட்டியில் ஐபி 68 என்று போட்டிருப்பார்கள். அதில் 6 தூசிக்கு, 8 தண்ணீருக்கு. எத்தனை மீட்டர் ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளர்தான் சொல்ல வேண்டும். அது கூட வரும் சிறு புத்தகத்தில் பொடி எழுத்தில் இருக்கும். இந்தச் சோதனை அசையாத நல்ல தண்ணீரில் நடப்பது. பீய்ச்சி அடிக்கும் நீருக்கு 5, 6 என்று வேறு எண்கள் உண்டு. 8 வாங்கிய கருவி அந்தச் சோதனையிலும் தேறியது என்று அர்த்தமில்லை. அதனால் ஐபி 68 என்ற தைரியத்தில் அருவிக்கு நேர் கீழே போனை நீட்டாதீர்கள்.

ஒகேனக்கல்லில் தண்ணீருக்கடியில் படமெடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் தண்ணீர் திறந்துவிட்டால் ஆறு செம்மண் நிறத்தில் வரும், கை நீட்டினால் விரல் தெரியாது. சுழல் உண்டு, முதலையும் உண்டு. பரிசலில் உட்கார்ந்து எடுங்கள், போதும். பவளப்பாறையும் மீனும் வேண்டுமென்றால் அந்தமானுக்கோ லட்சத்தீவுக்கோ போகலாம்.

அங்கே போகிறவர்கள் கோப்ரோ மாதிரி சின்னக் கேமராவோ, ஹவுசிங் என்கிற கெட்டியான கூட்டுக்குள் பெரிய கேமராவோ எடுத்துப் போவார்கள். கோப்ரோவின் பிந்தைய மாடல்களில் பெரும்பாலானவை கூடு இல்லாமலே 10 மீட்டர் தாங்கும், பேட்டரி மூடி சரியாகப் பொருந்தியிருந்தால். எந்தக் கேமராவானாலும் தண்ணீரைத் தடுப்பது மூடியைச் சுற்றி இருக்கும் மெல்லிய ரப்பர் வளையம்தான். ஓ ரிங் என்போம். அதன் மேல் ஒரு தலைமுடி குறுக்கே கிடந்தாலே போதும், முடியின் ஓரமாகத் தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். டார்ச் அடித்துச் சாய்த்துப் பாருங்கள். வளையத்தை விரல் நுனியால் மெல்ல வருடினால் மணல் நெருடும். ஊசி, சேஃப்டி பின் கொண்டு நோண்டிக் கழற்றக் கூடாது, கீறல் விழுந்துவிடும்.

கூட்டோடு தரும் கிரீஸை மிக லேசாகத் தடவினால் போதும். தண்ணீரைத் தடுப்பது ரப்பர்தான். வளையம் முறுக்காமல் உட்காரத்தான் கிரீஸ். அப்பிக்கொண்டால் தூசியைத்தான் இழுக்கும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வந்தவரையும் பார்த்திருக்கிறேன்! ஒகேனக்கல் மசாஜ் முடிந்த கையோடு கேமராவைத் தொடுகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆழத்துக்குப் பயப்படுகிறவர்கள் மேல்மட்டத்தில் அசட்டையாக இருந்துவிடுவார்கள். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். அந்த அழுத்தமே மூடியை இன்னும் இறுக்கிவிடும். இடுப்பளவுத் தண்ணீரில் அந்த உதவி கிடையாது, மூடி லேசாகத் தளர்ந்திருந்தாலும் உள்ளே இறங்கிவிடும். ஆகவே ஊரிலேயே சோதித்துவிடுங்கள். கேமரா இல்லாமல் கூட்டுக்குள் டிஷ்யூ காகிதம் ஒன்றை வைத்து மூடி, பக்கெட் தண்ணீரில் அரை மணி நேரம் அமுக்கி வையுங்கள். காகிதம் ஈரமானால் கேமராவுக்கு அந்தக் கூடு ஆகாது. கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் பவுச்சுக்கும் இதே சோதனைதான்.

இன்னொரு தொல்லை, கண்ணாடியின் உட்புறம் ஆவி படிவது. ஈரக்காற்றோடு மூடிவிட்டுக் குளிர்ந்த நீரில் இறங்கினால் படமெல்லாம் புகைமூட்டம். காய்ந்த இடத்தில் மூடுங்கள், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைச் செருகிவிடுங்கள்.

கடலை விட்டு வெளியே வந்ததும் கூட்டைத் திறக்காமல் அப்படியே நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, எல்லாப் பட்டன்களையும் அழுத்தி அழுத்தி விடுங்கள். இல்லையென்றால் பட்டன் இடுக்கில் உப்பு காய்ந்து கட்டியாகும். அடுத்த முறை அங்கேதான் கசியும். நன்றாகத் துடைத்த பிறகே திறக்க வேண்டும். உங்கள் தலைமுடியிலிருந்து சொட்டும் தண்ணீரையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீறி உள்ளே தண்ணீர் போய்விட்டதா? ஆன் ஆகிறதா என்று அமுக்கிப் பார்க்காதீர்கள். முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது. ஹேர் டிரையர் வேண்டாம், அரிசி டப்பாவும் வேண்டாம். அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே 2024இல் சொல்லியிருக்கிறது. கடல் தண்ணீர் என்றால் வீட்டில் காயவைத்து நாளைக் கடத்தாதீர்கள், ஈரம் போனாலும் உப்பு உள்ளேயே நின்று சர்க்யூட்டில் இருக்கும் செம்பை அரித்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் இருக்கும் கடைக்கு அன்றைக்கே போங்கள். மெமரி கார்டை மட்டும் தனியே எடுத்து நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். கேமரா பிழைக்காவிட்டாலும் கார்டில் இருக்கும் படங்கள் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

நன்றி, வணக்கம்.