கொண்டாட்டம் சரி, எதைக் கொண்டாடுவது?

நடுவர் அவர்களே, அமெரிக்காவில் ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வம்சாவளியினரைக் கொண்டாடும் ஹிஸ்பானிக் பாரம்பரிய மாதத்தில் முன்னால் நிற்க வேண்டியது விருந்தும் ஆட்டமுமா, போராட்ட வரலாறா? இதுதான் தலைப்பு. நான் வரலாற்றின் பக்கம். எதிரணித் தலைவர், "டாக்கோ என்ற மெக்சிகோ ரொட்டி மடிப்பைக் கொடுங்கள், சல்சா ஆடுங்கள், கூட்டம் வரும், வரலாறு பேசினால் காலி நாற்காலிதான்" என்று சொல்லிக் கைத்தட்டலும் வாங்கிவிட்டார்.

இந்த மாதம் ஏன் செப்டம்பர் 15இல், மாத நடுவில் தொடங்குகிறது? 1821இல் அந்த நாளில்தான் குவாத்தமாலா, கோஸ்டா ரிகா உட்பட ஐந்து மத்திய அமெரிக்க நாடுகள் ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்றதாக அறிவிக்கப்பட்டது. நாள் குறித்துக் கொடுத்ததே வரலாறுதான், ஐயா.

அப்புறம், அந்த டாக்கோவுக்குள் இருக்கும் லெட்டூஸ் என்ற கீரைக்கு வருவோம். கலிபோர்னியாவின் சாலினாஸ் பள்ளத்தாக்கில் நெருக்கமாக முளைத்த அந்தப் பயிரில் அதிகப்படியானதை நீக்கி இடைவெளி விட மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்கள் கையில் கொடுத்தது ஒரு குட்டைக் களைக்கொத்து. பிடி ஏறக்குறைய ஒரு முழம். நாள் முழுக்க இடுப்பை ஒடித்துக் குனிந்தால்தான் வேலை ஆகும். கங்காணிக்கு இதில் ஒரு வசதி: யாராவது நிமிர்ந்தால், வேலையை நிறுத்திவிட்டார் என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்! முதுகெலும்பு தேய்ந்து போகிறது என்று மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள். வழக்காடி, 1975இல்தான் அந்தக் கருவிக்குத் தடை வாங்க முடிந்தது.

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி என்று ஒதுக்கியதை எதிர்த்து மெண்டெஸ் குடும்பம் போட்ட வழக்கு 1947இல் மேல்முறையீட்டிலும் வென்றது. கறுப்பினப் பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் ஒதுக்குவது செல்லாது என்ற பிரௌன் வழக்கின் தீர்ப்பு வந்தது அதற்கு 7 ஆண்டுகள் கழித்து.

இனி எதிரணியின் பிரம்மாஸ்திரம்: "ஆட்டம் பாட்டம் எங்கள் சொத்து." அப்படியா? 1965இல் கலிபோர்னியாவின் டெலானோ ஊரில் திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தம். லாரி இட்லியோங் தலைமையில் பிலிப்பினோ தொழிலாளர்கள் தொடங்கினார்கள். தொழிற்சங்கத் தலைவி டொலோரஸ் ஹுவெர்ட்டா இருந்த, மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்களின் சங்கமும் சில நாட்களில் சேர்ந்தது. அங்கே லூயிஸ் வால்டெஸ் என்ற இளைஞர் தொழிலாளர்களையே நடிகர்களாக்கினார். மேடை, லாரியின் பின்பக்கம். வேஷம், 'முதலாளி', 'கருங்காலி' என்று எழுதிக் கழுத்தில் தொங்கவிட்ட அட்டை. அவ்வளவுதான்! 'எல் தியாத்ரோ கம்பெசினோ', அதாவது உழவர் நாடக அரங்கு, என்ற அந்தக் குழு பிறகு ஐரோப்பா வரை போய் நடித்தது.

வரலாறு பேசினால் கூட்டம் வராதாம். அந்த லாரியைச் சுற்றி நின்றவர்களுக்கு அன்று யார் டாக்கோ கொடுத்தார்கள் என்று எதிரணித் தலைவரே சொல்லட்டும்.